போர் நாவலுக்குள் பறக்கும் தட்டு எதற்கு?

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலைப் படித்து முடித்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்ததைச் சொல்ல வந்த புத்தகத்துக்குள் பறக்கும் தட்டும் டிரால்ஃபமடோர் கிரகவாசிகளும் ஏன் வருகிறார்கள், இவரை இலக்கிய எழுத்தாளர் என்பதா அறிவியல் புனைகதையாளர் என்பதா, அடுத்து எதை வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அலமாரியில் வைப்பது என்ற கவலையைப் புத்தகக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம். உங்கள் கேள்விக்குள் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு நகரமே வெந்து செத்த இரவைச் சொல்ல வந்தவர், கழிவுநீர்க் குழாயின் அடைப்பை எடுக்கும் ரப்பர்க் கிண்ணக் கோலைப் போன்ற உருவத்தில் இரண்டடி உயரப் பச்சைப் பிராணிகளைக் கூட்டிவந்து நிறுத்தினால், அந்தச் சாவுகளை அவர் கேலிசெய்கிறார் என்று ஆகிவிடாதா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் பயிற்றுவித்தேன். இந்த நாவல் பாடத்தில் இருந்த ஆண்டுகளில் எல்லாம் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்காமல் விட்டதில்லை. தொடக்கத்தில் நான் சொல்லிவந்த பதில் எளிமையானது: கதைநாயகன் பில்லி பில்கிரிம் போரில் மனம் சிதைந்தவன், அந்தக் கிரகம் அவன் மனம் தனக்கென்று கட்டிக்கொண்ட ஒதுங்கிடம். அது தவறான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

அந்தப் பாதிக்கு நாவலுக்குள்ளேயே தாராளமாகச் சான்று உண்டு. பில்லி காலத்தின் பிடியிலிருந்து கழன்றுவிட்டான் என்று இரண்டாம் அத்தியாயம் உறுதியாகத்தான் தொடங்குகிறது. ஆனால் அவன் தன் பிறப்பையும் இறப்பையும் பலமுறை கண்டதைச் சொல்லும் இடத்தில் 'என்கிறான்' என்று ஒரு சொல்லை ஆசிரியர் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிறார். 1948இல் படைவீரர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பில்லி கிடக்கும்போது, அடுத்த கட்டிலில் இருக்கும் எலியட் ரோஸ்வாட்டர்தான் கில்கோர் டிரவுட் என்ற மட்டரக அறிவியல் கதைக்காரரின் புத்தகங்களை அவனுக்கு அறிமுகப்படுத்துகிறார். பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் ஒரு ஆபாசப் புத்தகக் கடையில் பில்லி அதே டிரவுட்டின் நாவல் ஒன்றைக் கையில் எடுக்கிறான். பூமியைச் சேர்ந்த ஓர் ஆணையும் பெண்ணையும் வேற்றுக்கிரகத்தார் கடத்திப்போய் மிருகக்காட்சிசாலையில் வைக்கும் கதை அது. சில பத்திகள் படித்த பிறகுதான், இதை மருத்துவமனையிலேயே படித்திருக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வருகிறது. அவனோடு கிரகத்தில் அடைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நடிகையின் படம் போட்ட இதழும் அதே கடையில் கிடக்கிறது. கடத்தப்பட்டது 1967இல் என்கிறான். ஆனால் வெளியே பேசத் தொடங்குவது 1968இல் விமான விபத்தில் மண்டை உடைந்த பிறகுதான். ஒரு துப்பறிவாளர் இவற்றை வரிசையாக மேசைமேல் வைத்தால் வழக்கு முடிந்துவிடும்.

வானெகட் அந்த வழக்கை முடித்துவைக்கவில்லை. கிரகம் உண்டா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை என்பது என் துணிபு. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நாவல் வந்த 1969க்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1959இல் வந்த 'தி சைரன்ஸ் ஆஃப் டைட்டன்' நாவலிலும் டிரால்ஃபமடோர் வருகிறது. அங்கே அது யாருடைய மனப்பிரமையும் இல்லை, கதைக்குள் நிஜமான கிரகம். அங்கிருந்து வரும் சாலோவோ ஆரஞ்சுப்பழ நிறத்தில் மூன்று கால்களோடு நடமாடும் இயந்திரம். பெயரைத் தவிர இரண்டு நாவல்களின் கிரகத்தாருக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது. கூத்துக்காரர் பெட்டியில் கிடக்கும் கிரீடத்தை இன்றைக்கு ராவணனுக்கும் நாளைக்கு துரியோதனனுக்கும் சூட்டுவதுபோல, கையில் இருந்த பொருளை அவர் எடுத்து மாட்டியிருக்கிறார். அறிவியல் புனைகதையைத் தொழிலாகச் செய்பவர் தன் கிரகத்தை இவ்வளவு அலட்சியமாக நடத்தமாட்டார்.

சரி, அந்தக் கிரீடத்தை ஏன் மாட்ட வேண்டும்? மற்றப் பாதி இங்கேதான் இருக்கிறது. டிரால்ஃபமடோர்வாசிகளுக்கு எல்லாக் கணங்களும் ஒரே நேரத்தில் தெரியும்; இறந்தவர் அந்தக் கணத்தில் மட்டும் மோசமான நிலையில் இருக்கிறார், வேறு கணங்களில் நலமாகவே இருக்கிறார்; ஆகவே இனிய கணங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள் என்பது அவர்கள் உபதேசம். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் நாவலில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப, நூறு தடவைக்கு மேல் வருகிறது. தமிழில் 'அப்படித்தான் போகிறது' என்று ஏறக்குறையச் சொல்லலாம். மனிதர் செத்தாலும் அதே வாக்கியம், ஷாம்பெய்னில் குமிழ் அடங்கிப்போனாலும் அதே வாக்கியம். ஒரு மாணவி அதைத் 'தலையெழுத்து' என்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். அதை நான் ஏற்கவில்லை. தலையெழுத்து என்று ஒருவர் சொல்லும்போது குரல் உடைகிறது. இந்த வாக்கியத்தில் எதுவும் உடைவதில்லை, அதுதான் அதன் பயங்கரம்.

இந்த உபதேசத்தை வானெகட்டின் சொந்தத் தத்துவமாக எடுத்துக்கொண்டு, விதியை ஏற்கச் சொல்லும் நாவல் என்று எழுதியவர்கள் உண்டு. என்னால் உடன்பட முடியவில்லை. அதே கிரகவாசிகள் பிரபஞ்சம் எப்படி அழியும் என்பதையும் பில்லியிடம் சொல்கிறார்கள்: தட்டுகளுக்குப் புதிய எரிபொருளைச் சோதிக்கும்போது அவர்களுடைய விமானி ஒருவர் ஒரு பொத்தானை அழுத்துவார், எல்லாம் மறைந்துபோகும். தெரிந்திருந்தும் தடுக்கக் கூடாதா என்று பில்லி கேட்கிறான். அவர் எப்போதும் அதை அழுத்தியிருக்கிறார், எப்போதும் அழுத்துவார், நாங்கள் எப்போதும் அழுத்தவிடுவோம், அந்தக் கணத்தின் அமைப்பு அப்படி என்பது பதில். இதே பதிலை, பூமியில் படுத்துக்கொண்டு இன்னொருவர் சொல்கிறார். விபத்துக்குப் பின் பில்லியின் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் விமானப்படை வரலாற்றாசிரியர் ரம்ஃபோர்ட், டிரெஸ்டனை அழித்தே தீர வேண்டியிருந்தது என்கிறார். தெரியும் என்கிறான் பில்லி; எல்லாம் சரிதான், டிரால்ஃபமடோரில் அதைக் கற்றுக்கொண்டேன் என்கிறான். குண்டு போட்டவர்களின் நியாயமும் பச்சைப் பிராணிகளின் ஞானமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்துப்பாருங்கள். கேலிக்கு உள்ளாவது செத்தவர்கள் இல்லை. சாவை இவ்வளவு சுலபமாகச் செரித்துக்கொள்ளும் அறிவு.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்படையாக ஏசுவது ஒன்று, ஏச்சை மறைத்துச் சொல்வது மற்றது. புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்வது நமக்குப் பழக்கமான பாட்டு. வானெகட் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்காரர். அவர் டிரால்ஃபமடோரைப் புகழவும் இல்லை, மறுக்கவும் இல்லை; நெய் பூசிக் காட்டுகிறார். கொல்லன் பட்டறை எங்கே இருக்கிறது என்றால், முதல் அத்தியாயத்தில். அங்கே அவர் தன் சொந்தக் குரலில், விவிலியத்தில் வரும் லோத்தின் மனைவியைப் பற்றி எழுதுகிறார். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியும், எரியும் ஊரில் இருந்த மனிதர்களைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போனவள். அது அவ்வளவு மனிதத்தனமான செயல், அதனாலேயே அவளை நேசிக்கிறேன் என்கிறார். இனிய கணத்தை மட்டும் பார் என்ற உபதேசத்துக்கு ஆசிரியரின் மறுப்பு, அந்த உபதேசம் வருவதற்கு முன்பே அச்சாகிவிட்டது.

காலத்திலிருந்து கழன்றுபோவது என்ற கற்பனையால் வேறொரு பயனும் உண்டு; நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பக்கங்கள் அதனால் கிடைத்தவை. பில்லி இரவில் தொலைக்காட்சியில் ஒரு போர்ப்படத்தைப் பின்னோக்கிப் பார்க்கிறான். ஓட்டை விழுந்த விமானங்கள் பின்புறமாகப் பறந்து எரியும் நகரத்தின்மேல் வருகின்றன; கதவுகள் திறந்து, தீயை எல்லாம் உறிஞ்சி, சுருக்கி, உலோக உருளைகளுக்குள் அடைத்து வயிற்றுக்குள் தூக்கிக்கொள்கின்றன; ஜெர்மானியப் போர்விமானங்கள் காயம்பட்டவர்களின் உடம்பிலிருந்து குண்டுச் சில்லுகளை இழுத்துக்கொள்கின்றன. உருளைகள் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்புகின்றன; அங்கே ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள் இரவும் பகலும் அவற்றைப் பிரித்து, ஆபத்தான பொருள்களைத் தாதுக்களாக மாற்றுகிறார்கள்; அந்தத் தாதுக்கள் இனி யாரையும் துன்புறுத்தாதபடி, தொலைதூர நிலங்களில் யாருக்கும் தெரியாமல் புதைக்கப்படுகின்றன. 'போர் கொடியது' என்ற சொற்றொடர் அங்கே எங்கும் இல்லை. தேவைப்பட்டதெல்லாம் படச்சுருளைத் திருப்பி ஓட்டும் ஒரு கை.

இவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் விண்கலக் கதைகளைப் படித்து மட்டும் வந்த பழக்கம் அல்ல அது. 1922இல் இண்டியானாபொலிஸில் பிறந்த வானெகட் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர்; 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தபோது இறைச்சிக்கூடத்தின் நிலவறையில் இருந்து பிழைத்தவர்; திரும்பிவந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். பிறகு 1947 முதல் சில ஆண்டுகள் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். விஞ்ஞானிகளின் அறைகளுக்குப் போய், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. மனிதக் கை இல்லாமல் டர்பைன் பாகங்களைக் கடைந்தெடுக்கும் இயந்திரத்தை அங்கே பார்த்ததிலிருந்துதான் 1952இல் முதல் நாவலான 'பிளேயர் பியானோ' பிறந்தது. அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற முதிய கடைசல்காரர் வருகிறார். அவருடைய கைகளின் அசைவுகளை ஒருகாலத்தில் நாடாவில் பதிந்துகொண்டார்கள். இப்போது கடைசல் இயந்திரங்கள் அந்த நாடாவைப் பார்த்து வேலை செய்கின்றன, ரூடிக்கு வேலை இல்லை. மதுக்கடையில் அவர் தானியங்கிப் பியானோவில் காசைப் போட்டுவிட்டு, யாரும் தொடாமலே கட்டைகள் மேலும் கீழும் போவதைக் காட்டி, ஏதோ ஓர் ஆவி உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது இல்லையா என்கிறார். அந்த ஆவி தான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் அவருடைய அண்ணன் பெர்னார்ட் வானெகட் இருந்தார். வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், அதன் துகளை மேகத்தில் தூவினால் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள் அதைப் பற்றிக்கொண்டு உறையும் என்று 1946இல் கண்டவர் அவர். 1963இல் தம்பி எழுதிய 'கேட்ஸ் கிரேடில்' நாவலின் ஐஸ்-நைன் இந்தப் படிகவித்தின் மறுபிறவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்க மரைன் படைத் தளபதி ஒருவருக்குச் சேறு பிடிக்கவில்லை; வீரர்கள் சேற்றில் உழல்வதைத் தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று அணுகுண்டு தந்தையரில் ஒருவரான ஃபீலிக்ஸ் ஹொனிக்கரிடம் கேட்கிறார். சாதாரண வெப்பநிலையிலேயே உறைந்து கிடக்கும் ஒருவகைப் பனி, அதன் ஒரு துணுக்கு பட்டால் மற்றத் தண்ணீரும் அதே அடுக்கில் உறையக் கற்றுக்கொள்ளும் என்று ஹொனிக்கரின் மேலதிகாரி கதைசொல்லியிடம் உற்சாகமாக விளக்குகிறார். சேறு உறையும், சரி; பக்கத்துக் குட்டை? உறையும். குட்டைக்கு நீர் தரும் ஓடை? ஆறு? கடல்? அதிலிருந்து எழும் மழை? அதோடு உலகம் முடிந்துவிடும் என்று கத்திவிட்டு, பேட்டியும் முடிந்தது என்று எழுந்துகொள்கிறார். ஆயுதம் கேட்ட தளபதியும் பொல்லாதவர் இல்லை, கொடுத்த விஞ்ஞானியும் பொல்லாதவர் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். பனிக்கட்டியின் ஒன்பதாம் வகை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அது மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் மிகுந்த அழுத்தத்திலும் மட்டுமே இருப்பது, கடலுக்கு ஆபத்தில்லை. நாவலைப் படித்துவிட்டு இயற்பியல் மாணவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவார்கள். சுட்டிக்காட்டட்டும், கடன் வாங்கியது இயந்திரத்தின் வடிவத்தைத்தான், அதன் செயல்திறனை அல்ல.

ஹொனிக்கர் பாத்திரத்துக்கு அதே ஆய்வகத்தின் நோபல் பரிசாளர் இர்விங் லாங்மியூர் முன்மாதிரி என்பதை வானெகட்டே சொல்லியிருக்கிறார். எச். ஜி. வெல்ஸ் ஆய்வகத்துக்கு வந்தபோது லாங்மியூர் இந்தப் பனி யோசனையைக் கதைக்கருவாக அவரிடம் கொடுத்தார், வெல்ஸ் பொருட்படுத்தவில்லை, இருவரும் இறந்தபின் அது தனக்கு வந்தது என்றும் சொல்வார். இதை அவருடைய வாய்மொழியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல கதைசொல்லி. உறுதியானது இது: சிகாகோவில் அவர் எழுதிய மானிடவியல் ஆய்வேட்டை ஏற்காத பல்கலைக்கழகம், 1971இல் 'கேட்ஸ் கிரேடில்' நாவலையே ஆய்வேடாக ஏற்று முதுகலைப் பட்டம் கொடுத்தது. அதில் வரும் பொக்கோனன் மதத்தைப் படித்தால் அது வெறும் சலுகை இல்லை என்பது தெரியும். தன் வேதம் முழுக்கப் பொய் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளும் மதம் அது.

அவருக்கும் அறிவியல் புனைகதைக்கும் இருந்த உறவு, சொத்துத் தகராறு உள்ள பங்காளிகளின் உறவு. 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில், தான் கண்ணால் பார்த்த ஊரைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருந்தபோது, தான் ஓர் அறிவியல் புனைகதையாளன் என்பதை மதிப்புரையாளர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். 'அறிவியல் புனைகதை' என்று பெயர் ஒட்டிய அந்த இழுப்பறையிலிருந்து வெளியே வர விரும்புகிறேன், அதைப் பல விமர்சகர்கள் சிறுநீர்க் கழிப்பிடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று புலம்புகிறார். அதே ஆண்டில் வந்த 'காட் பிளெஸ் யூ, மிஸ்டர் ரோஸ்வாட்டர்' நாவலில், குடித்துவிட்டு அறிவியல் புனைகதையாளர் மாநாட்டுக்குள் நுழையும் எலியட், உங்களுக்கு எழுத வராது, ஆனாலும் உண்மையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் நீங்கள் மட்டும்தான் என்று அவர்களைக் கட்டித்தழுவாத குறையாகப் பேசுகிறார். டிரவுட் என்ற பாத்திரமே இந்த இரட்டை மனத்திலிருந்து வந்தது. 1973இன் 'பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' நாவலில் டிரவுட்டின் ஒரு கதை சில வரிகளில் வருகிறது: காற்றுப் பிரிப்பதாலும் காலால் தாளம் தட்டுவதாலும் பேசிக்கொள்ளும் கிரகத்திலிருந்து ஸாக் என்பவன், போரைத் தடுக்கவும் புற்றுநோயைக் குணப்படுத்தவும் வழிசொல்ல பூமிக்கு வருகிறான். இறங்கியதும் ஒரு வீடு எரிவதைப் பார்த்து, உள்ளே ஓடி, தன் மொழியில் எச்சரிக்கிறான். வீட்டுக்காரர் கோல்ஃப் மட்டையால் அவன் மண்டையைப் பிளந்துவிடுகிறார். முழு நாவலாக நீட்டினால் சலிக்கும் இந்தக் கருவை நான்கு வரியில் முடித்து அடுத்ததற்குப் போய்விடும் வசதிக்காகவே டிரவுட் என்ற ஆளை அவர் சம்பளமில்லாமல் வைத்திருந்தார் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. நாவலில் டிரெஸ்டனில் இறந்தவர்கள் 1,35,000 பேர் என்று வருகிறது. அது அந்நாளில் டேவிட் இர்விங் என்பவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு. ஜெர்மானிய வரலாற்றாசிரியர்களின் குழு 2010இல் வெளியிட்ட முடிவு அதிகபட்சம் 25,000 என்கிறது. நாவலின் எண்ணை வரலாற்றாகக் கொள்ளக் கூடாது. வானெகட் கண்ணால் பார்த்ததும், கைதிகளாகப் பிணங்களைத் தோண்டியெடுத்ததும் உண்மை என்பதை இந்தத் திருத்தம் பாதிக்காது. என் பக்கத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: 1976இன் 'ஸ்லாப்ஸ்டிக்' தொடங்கிப் பிற்கால நாவல்கள் பலவற்றில் என் மனம் ஒன்றவில்லை, ஆகவே அவற்றைப் பற்றி நான் நடுவர் அல்ல. விதிவிலக்கு, 1985இன் 'கலாபகோஸ்'. விரைவில் சாகப்போகும் பாத்திரங்களின் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, சாவை எதிர்பாராத அதிர்ச்சியாக ஆக்கவிடாமல் செய்யும் அதன் உத்தியை இன்றும் வியக்கிறேன்.

அடுத்து வாசிக்க 'கேட்ஸ் கிரேடில்' நல்லது. 127 குட்டி அத்தியாயங்கள், பேருந்துப் பயணத்தில்கூடப் படித்துவிடலாம். வானெகட் 1981இல் தன் புத்தகங்களுக்குத் தானே மதிப்பெண் போட்டபோது, இதற்கும் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலுக்கும் மட்டும் ஏ-பிளஸ் கொடுத்தார். 'ஸ்லாப்ஸ்டிக்' டி வாங்கியது. அதன்பின், தட்டும் கிரகமும் எதிர்கால இயந்திரமும் அறவே இல்லாத 'மதர் நைட்' நாவலை எடுங்கள். நாஜிகளுக்காக வானொலியில் வெறுப்பைப் பரப்பிக்கொண்டே அமெரிக்காவுக்கு உளவு பார்த்தவனின் வாக்குமூலம் அது. கிரீடம் இல்லாமலும் இவர் ஆடுவார் என்பதை அங்கே பார்க்கலாம். இரண்டையும் முடித்தபின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். போர்த்தோழரின் வீட்டுக்கு வானெகட் போகிறார். தோழரின் மனைவி மேரி ஓஹேர், பனிக்கட்டித் தட்டைச் சத்தத்துடன் தொட்டியில் மோதி, மேசை நாற்காலிகளை நகர்த்திக் கோபப்பட்டு, கடைசியில் வெடிக்கிறார்: அப்போது நீங்கள் எல்லோரும் குழந்தைகள், ஆனால் நீங்கள் அப்படி எழுதமாட்டீர்கள், திரைப்படத்தில் உங்கள் வேடத்தைப் பெரிய நடிகர்கள் போடும்படி எழுதுவீர்கள், போர் அழகாகத் தெரியும், இன்னும் நிறையக் குழந்தைகள் போய்ச் சாவார்கள். அப்படி எழுதமாட்டேன் என்று கையை உயர்த்தி அவரிடம் வாக்குக் கொடுக்கிறார். புத்தகம் அவருக்கும், டிரெஸ்டனின் டாக்சி ஓட்டுநர் கெர்ஹார்ட் முல்லருக்கும் சமர்ப்பணம். பெரிய நடிகர் போடத்தக்க வேடம் எதுவும் அதில் இல்லை.